ஆறாயிரத்துக்கு மேல்

முப்பத்தோரு ஆண்டுகள்
கடலின் ஆழத்தை அளந்து சம்பளம் வாங்கினேன்.
கப்பலின் அடியிலிருந்து ஒரு சொடுக்கொலி கீழே போகும்;
எதிரொலி திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்வோம்.
நடுவில் நீந்தியவற்றைப் பற்றி
யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வீட்டிலும் அப்படித்தான்.
கிறிஸ்டியான்சுண்டில், துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில்
இரண்டு ஸ்பீக்கர்கள்.
சுவருக்கும் அவற்றுக்கும் அறுபத்திரண்டு சென்டிமீட்டர்,
ஒன்றுக்கொன்று இரண்டு மீட்டர் பத்து.
கொலை நடந்த வீட்டில் போலீஸ் ஒட்டுவதுபோல
தரையெல்லாம் நீல டேப்.
முக்கோணத்தின் உச்சியில் ஒற்றை நாற்காலி.
இன்னொன்று போட்டால் கணக்கு ஒத்துவராது.

ஒட்னி சமையலறையில் இருப்பாள்.
உப்பிட்டுக் காய்ந்த மீனைத் தண்ணீரில் ஊறப் போட்டபடி
எந்தத் தட்டு சுழன்றாலும்
அரைச் சுருதி தள்ளி முனகுவாள்.
உஷ் என்பேன்.
சாரலுக்குச் சன்னலைச் சாத்துகிறவள் மாதிரி
கோபமே இல்லாமல் கதவைச் சாத்திக்கொள்வாள்.

என்னிடம் ஒரு தட்டு உண்டு.
ஒரு பழைய தேவாலயத்தில் பதிவுசெய்தது,
செல்லோவும் பியானோவும் மட்டும்.
இரண்டாம் பக்கம், நாலாவது நிமிடம்,
பியானோக்காரரின் நாற்காலி ஒருமுறை கிறீச்சிடும்.
புது ஒயர், புது ஊசி, புது ஆம்ப்ளிஃபையர்,
எது வந்தாலும் அந்தக் கிறீச்சில்தான் பரீட்சை.
விருந்துக்கு வந்த எய்விண்டை உட்காரவைத்து,
அவன் காபி ஆறிப்போகும்வரை,
"கேட்டதா? நாற்காலி கேட்டதா?"
"அருமை" என்றான் அவன், கதவைப் பார்த்தபடி.

போன நவம்பரில் மோல்டேயில்
காது சோதிக்கும் பெண் ஒரு வரைபடத்தை நீட்டினாள்.
எனக்கா படிக்கத் தெரியாது?
கரையோரம் மெல்ல இறங்கி இறங்கி
ஆறாயிரத்தில் பாறை முடிந்து
செங்குத்தாய்ப் பள்ளம்.
"பெரிய கப்பலே போகலாம்" என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
திரும்பும் பேருந்து கடலுக்கடியில் சுரங்கத்தில் ஓடியபோது
காதைப் பொத்திப் பொத்தித் திறந்து பார்த்தேன்,
சின்னப் பிள்ளை மாதிரி.

பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
விளக்குப் போடாமல் தட்டைப் போட்டேன்.
இரண்டாம் பக்கம்.
நாலாவது நிமிடம் வந்திருக்கும்.
நாற்காலி வரவில்லை.
காத்திருந்தேன்.
வரவில்லை.
குறிப்பெடுக்க ஒன்றுமில்லாமல்
கைகள் மடியில் கிடந்தன.

அப்போது அந்தச் செல்லோ
ஒரே படியில் மூன்று தடவை இறங்கியது,
மறந்துவிட்ட எதையோ எடுக்க வந்து
கேட்க வெட்கப்பட்டு
வாசலிலேயே நிற்கிற ஆளைப்போல.
எத்தனை நூறு தடவை ஓடவிட்ட தட்டு!
இப்படி ஓர் ஆள் நின்றதை
நான் பார்த்ததே இல்லை.

டோர்டிஸ் ஞாபகத்துக்கு வந்தாள், என் அக்கா.
பேருந்தின் கடைசிச் சன்னலில் அவள் முகம்.
நான் கையசைக்கவில்லை.
இரண்டு கையிலும் அளவுக்கருவிப் பெட்டி இருந்தது.
கீழே வைத்திருக்கலாம்.
பனிதான், ஈரம்தான்.
இருந்தாலும் வைத்திருக்கலாம்.

தட்டு முடிந்து ஊசி வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.
கதவு எப்போது திறந்ததோ.
ஒட்னி சமையலறை நாற்காலியைத் தரையில் இழுத்து வந்து
இடது ஸ்பீக்கரை முக்கால்வாசி மறைத்துப் போட்டு,
மீன் வாடையோடு உட்கார்ந்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்,
"அந்தப் பக்கத்தையே இன்னொரு தடவை போடு" என்றாள்.

போட்டேன். பழக்கம் விடவில்லை.
"நாற்காலி கேட்டதா?" என்றேன்.
"எது, நான் இழுத்ததா?" என்றாள்.

அப்புறம் முனக ஆரம்பித்தாள்.
அரைச் சுருதி தள்ளி.
செல்லோ வாசலில் நின்ற இடத்தில்
அவளும் கொஞ்சம் நின்றாள்.

இரவு அடுப்பைப் பார்க்க எழுந்து போனபோது
நீல டேப் ஒரு துண்டு
அவள் காலுறையில் ஒட்டிக்கொண்டு
சமையலறைவரை போயிற்று.